டீக்கடைக்கு அப்புறம்

ஜூன் 11, புதன்

அண்ணனின் இடது தோளில் ஒரு பட்டை இருக்கிறது. இன்று ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிடும்போதுதான் பார்த்தேன். ஊதாவும் கறுப்பும் கலந்த நிறம், மூன்று விரல் அகலம். இடது தோளில் தொடங்கி, நெஞ்சின் குறுக்கே இறங்கி, வலது இடுப்பில் முடிகிறது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருக்கிறது.

"சீட் பெல்ட் அழுத்துனதும்மா. அத போட்டிருந்ததாலதான் உங்கண்ணன் பொழச்சான்" என்றார் நர்ஸ்.

அந்த இடத்தை மட்டும் அழுத்தாமல் துடைத்தேன்.

இடது தொடை எலும்பு உடைந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். தலையிலும் அடி. கண்ணைத் திறக்கிறான், என்னைப் பார்க்கிறான், மறுபடி தூங்கிவிடுகிறான். அம்மா மில்லுக்கு லீவு சொல்லப் போயிருக்கிறாள். வராந்தாக் குழாயில் விடிகாலையில் மட்டும்தான் தண்ணீர் வருகிறது. இரண்டு பாட்டில் பிடித்து வைத்தேன். கால் வலிக்கிறது.

நான் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். இங்கே பேச ஆளில்லை. இருந்தாலும் நான் பேசியிருக்கமாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

அண்ணன் இன்று பேசினான். முதலில் கேட்டது, "த்ரீ நாட் எய்ட் எங்கம்மா?"

அம்மாவுக்கு அது புரியவே இல்லை. "என்ன சாமி, என்ன வேணும்?" என்று குனிந்து குனிந்து கேட்டாள். தலையில் அடிபட்டதால் உளறுகிறான் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான்தான் அவள் காதில், "கார கேக்கறாம்மா" என்றேன்.

எல்லோரும் மாருதி எண்ணூறு என்று சொல்லும் காரை அண்ணன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவனுக்கு அது எஸ்பி த்ரீ நாட் எய்ட். அவன் கூட்டாளிகளுக்கும் அப்படித்தான். காரின் பின்னால் ஒட்டியிருக்கும் பேரைச் சொன்னால் சிரிப்பார்கள். பேர் என்பது விற்கிறவன் வைத்தது, நம்பர்தான் செய்தவன் வைத்தது என்பான் அண்ணன். ஒரே பேரில் இரண்டு மூன்று விதமாகக் கார் வந்திருக்கும், பேரைச் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, நம்பரைச் சொன்னால் தெரியும். பத்தாவதோடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருஷம் முழுக்க, அவன் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் சொல்லுவான். நான் டார்ச் பிடித்துக்கொண்டு கேட்பேன். வகுப்பில் பேர் சொல்லி எழுப்பினால் பேச்சே வராத எனக்கு, அந்த நம்பர்கள் மட்டும் சரளமாக வரும். யாரும் என்னைக் கேட்டதில்லை என்பதால் யாருக்கும் தெரியாது.

கார் எங்கே என்பதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. "பெரியவரு ஒருத்தரு மேல மோதிருச்சு சாமி. உசுருக்கு ஒண்ணுமில்ல, காலு போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

"யாரு ஓட்டுனது?"

"நீதானே சாமி ஓட்டுன."

அண்ணன் சுவரைப் பார்த்தான். அப்புறம் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டான். இரண்டு இட்லியையும் நானே சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

அண்ணனின் கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்தார்கள். ஜெரால்டு அண்ணாவை எனக்கு முன்பே தெரியும். கணபதியில் கண்ணாடிக்கடையில் வேலை, சொந்தமாகக் கார் கிடையாது, எந்தக் காரிலாவது தொற்றிக்கொள்வார். இன்னொருவர் ஹர்ஷா. அவர் அப்பாவுக்குப் பம்ப் வார்க்கும் ஃபவுண்டரி இருக்கிறது. அவருடையது நீலக் கார். ஊரில் லான்சர் என்பார்கள், இவர்களுக்கு அது சிகே.

ஜெரால்டு அண்ணாவை அண்ணா என்று கூப்பிட வருகிறது. ஹர்ஷாவை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாததால் கூப்பிடுவதே இல்லை.

அண்ணன் அவர்களிடம் அன்று நடந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஞாயிறு விடிகாலையில் கிளம்பியது ஞாபகம் இருக்கிறதாம். த்ரீ நாட் எய்ட்டும் சிகேவும் முன்னும் பின்னுமாக ஆனைகட்டி மலை ஏறியது, மேலே டீக்கடையில் போண்டா சாப்பிட்டது, எல்லாம் இருக்கிறது. அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

"சாவி மாத்துனமாடா?" என்று கேட்டான்.

அது இவர்கள் வழக்கம். மேலே டீக்கடை வரைக்கும் அவரவர் கார். அங்கே சாவியை மாற்றிக்கொண்டு, இறங்கும்போது ஒருவர் காரை இன்னொருவர் ஓட்டுவார். அந்த வாரம் முழுக்க அதுதான் பேச்சு, உன் கிளட்ச் இப்படி, என் பிரேக் அப்படி என்று. அண்ணன் சோற்றில் பங்கு கேட்டால்கூட யோசிப்பான், ஆனால் சாவி மாற்றாமல் இறங்கியதில்லை.

"இல்லடா தரணி. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. நீயே எடுத்துட்ட. நானும் இவனும் சிகேல பின்னாடி வந்தோம்" என்றார் ஹர்ஷா.

ஜெரால்டு அண்ணா கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹர்ஷா போகும்போது என்னிடம், "உம் பேரு கௌசிகாதானே? சாப்டியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார்.

ஜூன் 14, சனி

தூங்கவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

அம்மா இன்று முதல் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். இனி பகல் முழுக்க நான்தான். பெட்பேன், துணி, கஞ்சி, மாத்திரை. பட்டறையில் என் மெஷினுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம்.

கட்டிலுக்கு மேலே மின்விசிறி நின்றுவிட்டது. சொல்லியும் யாரும் வரவில்லை. சாயங்காலம் ஹர்ஷா வந்து ஸ்டூல் மேல் ஏறி அவரே ஒயரைச் சரி செய்தார். வலது கையைத் தூக்கும்போது பல்லைக் கடித்தார். கையை இறக்கிவிட்டு இடது கையால் வேலையை முடித்தார்.

"என்ன தம்பி கையில?" என்று அம்மா கேட்டாள்.

"ஜிம்முல இழுத்துக்கிச்சுங்க."

இளநீர் வாங்கி வந்திருந்தார். மூன்று. எனக்கும் சேர்த்து. "அந்தத் தம்பி மட்டும் இல்லீன்னா நாம என்னத்தப் பண்ணியிருப்போம்" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

நாளைக்குத் தலைக்குக் குளிக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தூசியில் தலை அரிக்கிறது, வேறு காரணம் இல்லை.

ஜூன் 18, புதன்

ஓரகடத்திலிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. அங்கே கார் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர் வேலைக்கு அவன் தேர்வாகியிருந்தான். புதுக் கார்களைப் பேர் வைக்கும் முன்னாலேயே ஓட்டிப் பார்க்கிற வேலை. வெறும் நம்பர் மட்டும் இருக்கும் கார்கள். இதைவிட வேறென்ன வேண்டும் அவனுக்கு. கால் சரியாகும்வரை இடத்தை வைத்திருக்கிறோம் என்றார்களாம். ஆனால் ஓட்டி மோதியதாகப் பேரில் கேஸ் இருந்தால் எடுக்க முடியாதாம்.

"சரிங்க சார். சரிங்க சார்" என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தான்.

"அம்மாகிட்டச் சொல்லாத" என்றான்.

ஜூன் 19, வியாழன்

மத்தியானம் ஹர்ஷாவும் ஜெரால்டு அண்ணாவும் வந்தார்கள். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டாள். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜெரால்டு அண்ணாவால் பேசாமல் இருக்க முடியாது. "டேய், சிகேல செகண்டு கியர் விழவே மாட்டேங்குதுடா. அன்னைக்கு இறக்கத்துல தனியா வேற இருந்தனா, உசுரே போயிருச்சு. மாங்கரை செக்போஸ்ட் வர்றதுக்குள்ள நாலு தடவ கரகரன்னு கத்துது."

"இங்க எதுக்குடா அந்தப் பேச்சு?"

"அட, சிகேன்னா இவங்களுக்கு என்னடா தெரியப்போகுது. ஏதோ ரேஷன் கடைன்னு நெனைப்பாங்க."

ஹர்ஷா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போர்வையின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்து மடித்தேன். அவர் தோள் தளர்ந்தது. அப்புறம் ஜெரால்டு அண்ணாவிடம், டபுள் கிளட்ச் போட்டால் விழும் என்று மெதுவாகச் சொன்னார்.

அந்தப் போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தேன். சரியாக வரவில்லை.

ஜெரால்டு அண்ணா வேறு ஏதாவது ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியிருப்பார்.

ஜூன் 20, வெள்ளி

போன ஞாயிறுகளில் எல்லாம் ஜெரால்டு அண்ணாவிடம் யாரும் சிகேவைக் கொடுத்ததில்லை. அண்ணன் விழித்ததும் கேட்டேன். "அவனுக்கா? ரொம்ப நாளாக் கெஞ்சிட்டிருந்தான், ஹர்ஷா தரவே மாட்டான். ஏன் கேக்கற?" என்றான்.

சும்மா என்றேன்.

ஜூன் 21, சனி

டிஸ்சார்ஜ். ஆட்டோவில் காலை நீட்ட முடியாது என்று ஹர்ஷாவே சிகேவைக் கொண்டு வந்தார். பின் சீட் முழுக்க அண்ணன் படுத்துக்கொண்டான், தலை அம்மா மடியில். எனக்கு இடம் முன்னால்தான் இருந்தது.

நான் இதுவரை அந்தக் காரில் ஏறியதில்லை. கதவு மூடும் சத்தம்கூட வேறு மாதிரி இருந்தது. சீட்டில் வெயிலில் காய்ந்த துணி வாசனை. கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையை மடியில் வைத்துக்கொண்டேன். துப்பட்டாவைச் சரி செய்தேன். மறுபடியும் சரி செய்தேன்.

"பெல்ட் போட்டுக்க கௌசி."

எனக்குப் போடத் தெரியவில்லை. அவரே எட்டி, என் தலைக்குப் பக்கத்திலிருந்து இழுத்து, நடுவில் இருந்த கொக்கியில் மாட்டினார். கிளிக் என்றது. நான் மூச்சு விடவில்லை என்று நினைக்கிறேன்.

காந்திபுரம் சிக்னலில் நின்றோம். பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் குனிந்து பெல்ட்டைப் பார்த்தேன். அது என் இடது தோளிலிருந்து இறங்கி வலது இடுப்பில் முடிந்தது. அவருடையதைப் பார்த்தேன். அது வலது தோளிலிருந்து இறங்கியது.

ஸ்டியரிங் வலது பக்கம்.

பச்சை விழுந்தது. அதற்கப்புறம் வீடு வரைக்கும் வந்த வழி ஞாபகம் இல்லை. அண்ணனை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. மாடி வீட்டுக்காரர்கள் உதவினார்கள். அம்மா எல்லோருக்கும் காபி போடச் சொன்னாள், போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். ஹர்ஷா ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

தூக்கம் வருகிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதவில்லை.

ஜூன் 23, திங்கள்

அண்ணனின் தோளைத் துடைத்தேன். ஊதா போய்ப் பச்சையாகிவிட்டது, ஓரங்களில் மஞ்சள். கழுத்துக்குக் கீழே தோல் உரிந்த இடத்தில் மட்டும் காய்ந்த பக்கு இருக்கிறது.

வலது தோளையும் துடைத்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் ஓர் அம்மா வந்தார். பேர் மயிலாத்தாள். மோதியது அவர் வீட்டுக்காரர் சென்னியப்பன் மேல். தடாகம் ஊரிலிருந்து மொபெட்டில் பால் எடுத்துப் போகிறவர்.

அம்மா பயந்து எழுந்து நின்றாள். மயிலாத்தாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். அந்த நேரம் பார்த்து ஹர்ஷாவும் இருந்தார், மாத்திரை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"ஆருங்க அந்தப் பையன்?"

அம்மா கட்டிலைக் காட்டினாள். மயிலாத்தாள் அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இத்தனூண்டு பையனா நீயி?"

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. படுத்தபடியே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். "தெரிஞ்சு பண்ணலீங்கம்மா. எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லீங். என்ன திட்டுனாலும் சரிங்கம்மா."

"தெரிஞ்சு ஆரு கண்ணு பண்ணுவாங்க? பின்னாலிருந்து வந்து தட்டுனா அவருக்கு என்ன தெரியும்? விடிஞ்சா எழுந்திருச்சு இன்னும் மாட்டுக்கிட்டப் போறேன்னு காலத் தேடறாரு மனுசன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நீயாச்சும் மயங்கிக் கெடந்த. உங்கூட வந்தவங்க ரெண்டு பேரும் போனப் புடிச்சுட்டு நின்னாங்களாம். டெம்போக்காரருதான் தூக்கியிருக்காரு. அது என்ன கண்ணு பழக்கம்?"

ஹர்ஷா மாத்திரைக் கவரை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். குழாயடியில் நின்று முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

மயிலாத்தாளுக்கு அம்மா காபி கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை, ஆனால் தள்ளிவிடவும் இல்லை. போகும்போது அண்ணன் போர்வையைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அண்ணன் அம்மாவைக் கூப்பிட்டான். "அந்த மாருதியப் பழைய இரும்புக்குப் போட்ரும்மா" என்றான்.

மாருதி என்றான். அவன் வாயிலிருந்து அந்தப் பேர் வந்து நான் கேட்டதே இல்லை. அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன்.

ஜூன் 25, புதன்

திங்கட்கிழமை ஏட்டு வீட்டுக்கே வந்து அண்ணனிடம் வாக்குமூலம் எழுதிக்கொள்வாராம். ஹர்ஷாவின் அப்பா பேசி ஏற்பாடு செய்திருக்கிறார். அதைச் சொல்ல ஹர்ஷா வந்தார்.

"ஏட்டு கேட்டா, மாடு குறுக்க வந்துச்சு, திருப்புனேன்னு சொல்லிரு. ஃபைனோட முடிஞ்சுரும்னு வக்கீல் சொல்றாரு."

"மாடு வந்துச்சாடா?"

"ம்."

"எனக்கு ஒண்ணும் தெரியலடா. நீ பாத்தவன். நீ என்ன சொல்றியோ அதச் சொல்லிடறேன்."

அண்ணன் இதை முழு நம்பிக்கையோடு சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹர்ஷா கிளம்பியதும், அவர் மறந்து வைத்த குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கேட்டுக்கு வெளியே சிகேவின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். குடையைக் கொடுத்தேன். திரும்பி வந்திருக்கலாம்.

"சிகேல செகண்டு இப்ப விழுதுங்களா?" என்று கேட்டேன்.

அவரிடம் நான் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது.

முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "சிகேன்னா உனக்குத் தெரியுமா?"

"த்ரீ நாட் எய்ட்டும் தெரியும். அதுக்கு முன்னாடி வந்த எஸ்எஸ் எய்ட்டியும் தெரியும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"அண்ணன்."

கதவை மூடினார். அவர் கை தானாக வலது தோளுக்குப் போனது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார்.

"ஜெரால்டு அண்ணா இறக்கத்துல சிகேவத் தனியா ஓட்டுனாருன்னா, நீங்க எதுல வந்தீங்க?"

தெருவில் தண்ணீர் லாரி போனது. 

"ஆகஸ்ட்ல நான் ஜெர்மனி போகணும் கௌசி. சீட் கெடச்சிருச்சு. கார் டிசைன். சின்ன வயசிலிருந்து அது ஒண்ணுதான். கேஸ்னு ஒண்ணு வந்தா விசா போச்சு. அன்னைக்கு அப்பாக்குப் போன் பண்ணேன். கார் யாருதுன்னு கேட்டாரு. தரணியுதுன்னேன். அப்ப அவனே ஓட்டுனதா இருக்கட்டும்னுட்டாரு. அவன் முழிப்பானான்னே அப்பத் தெரியாது."

"முழிச்சிட்டானுங்களே."

அவர் கண் கலங்கிவிட்டது. "அண்ணன் ராத்திரியில தூங்கறதில்லீங்க. பால்காரரு கால நெனச்சுட்டே படுத்திருக்கான்" என்றேன்.

"நானே சொல்லிடறேன். அப்பாகிட்ட முதல்ல பேசணும். ரெண்டு நாள் குடு. நீ யார்கிட்டயும் சொல்லாத. ப்ளீஸ்."

"சரிங்க" என்றேன்.

அவர் சொல்வார். மயிலாத்தாள் வந்த அன்று அவர் முகம் கழுவியதை நான் பார்த்தேன். சொல்லக்கூடியவர்தான்.

ஜூன் 27, வெள்ளி

வரவில்லை. மழை.

ஜூன் 28, சனி

வரவில்லை. ஜெரால்டு அண்ணாவிடமிருந்து போன்கூட இல்லை. கேட் சத்தம் கேட்டு இரண்டு தடவை வெளியே போனேன். ஒரு தடவை சிலிண்டர், ஒரு தடவை காற்று.

பிசியோ செய்யும் பெண் வந்தார். அண்ணன் காலை மடக்க ஒத்துழைக்கவில்லை. "நடந்து எங்க போகப்போறேன்?" என்றான். அவர் என்னிடம் தனியாக, இப்படியே விட்டால் முட்டி இறுகிவிடும், இந்த வாரம் ஆரம்பித்தே ஆக வேண்டும் என்றார்.

தோளில் இப்போது மஞ்சள் மட்டும்தான். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் தெரிகிறது. பக்கு உதிர்ந்து அந்த இடம் இளஞ்சிவப்பாக இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

அண்ணன் தலையணையை நிமிர்த்திக் கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "என்ன?" என்றான்.

"டீ வேணுமா?" என்று கேட்டேன்.

அவரே சொல்வது வேறு, நான் சொல்வது வேறு. நாளைக்குக் காலையில் வந்து சொல்லலாம் என்று இருப்பாராக இருக்கும். அவருக்கு ஒரு நாள் இருக்கிறது.

அம்மாவின் சேலையைத் தோய்த்துப் போட்டேன். அண்ணனின் நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஏட்டு வரும்போது நன்றாக இருக்கட்டும் என்று அம்மா சொன்னாள்.

ஜூன் 30, திங்கள்

பத்து மணிக்கு மேல் ஏட்டு வந்தார். வயதானவர், மூச்சு வாங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். ஹர்ஷாவும் ஜெரால்டு அண்ணாவும் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார்கள். ஹர்ஷா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வந்ததிலிருந்து என் பக்கம் பார்க்கவில்லை. அம்மா அவருக்கு நாற்காலி போட்டு, "உக்காருங்க தம்பி, நீங்க இருந்தா எங்களுக்குத் தைரியம்" என்றாள்.

நான் அடுப்படியில் காபி ஆற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்டது.

"சொல்லு தம்பி. பேரு?"

"தரணிதரனுங்க."

"வண்டி உன்னுதா?"

"ஆமாங்க."

"என்ன வண்டி?"

அண்ணன் தயங்கித்தான் சொன்னான். "மாருதிங்க."

"இவங்க ரெண்டு பேரும்?"

"கூட வந்தவங்க சார். பின்னாடி வேற கார்ல வந்தோம்" என்றது ஹர்ஷாவின் குரல். குரல் சரியாகத்தான் இருந்தது. நான் டம்ளர்களைத் தட்டில் அடுக்கினேன். இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றேன்.

ஏட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டினார். "சரி. மலையிலிருந்து எறங்கி வர்றப்ப வண்டிய ஓட்டுனது ஆரு?"

நான் ஹர்ஷாவைப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரால்டு அண்ணா அவரைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். எங்கள் வீட்டு மின்விசிறி ஆஸ்பத்திரியில் அவர் சரி செய்தது மாதிரி இல்லை, கடகடவென்று சத்தம் போடும்.

"நான்தானுங்க" என்றான் அண்ணன். "மாடு ஒண்ணு குறுக்க..."

"ஹர்ஷா அண்ணா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"டீக்கடைக்கு அப்புறம் ஜெரால்டு அண்ணா சிகேவத் தனியா ஓட்டிட்டு வந்தாங்க. அப்ப த்ரீ நாட் எய்ட்ட ஓட்டுனது யாருங்க?"

"என்ன பாப்பா சொல்ற? அது என்ன நம்பரு?" என்றார் ஏட்டு.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அவன் சட்டையின் மேல் மூன்று பட்டன்களைக் கழற்றி, சீட் பெல்ட் பதிந்திருந்த இடது தோளை ஏட்டு பக்கம் திறந்து காட்டினேன்.